புதிய மலிவுவிலைத் துவக்கு: மேனிக்குறையும் தொழிற்குறையும்

குறைந்த விலையில் விற்கப்படும் புதிய துவக்கொன்று, பெட்டியிலிருந்து எடுக்கப்படும்போதே மேற்பூச்சில் ஒரு கீறலையோ, மரத்தில் ஒரு நிறவேறுபாட்டையோ, இரும்பில் அரம் ஓடிய தடத்தையோ காட்டுவது வழமை. அவற்றைக் கண்டு நல்ல கருவியை வேண்டாமென்று விடுவோரும் உண்டு. மலிவுப் பொருளில் இவை இருக்கத்தான் செய்யும் என்று எதையும் பொருட்படுத்தாமல் பழுதான கருவியை வீட்டுக்குக் கொண்டுவருவோரும் உண்டு. இரண்டும் ஒரே அறியாமையால் நேர்பவை. இவ்வத்தியாயம் அக்குறைகளை இரண்டாகப் பிரித்து நோக்குகிறது. பார்வையை மட்டும் கெடுப்பது மேனிக்குறை. துவக்கு ஒவ்வொரு முறையும் சீராகவும், அதைப் பிடித்திருப்பவருக்கு ஆபத்தின்றியும் இயங்குவதைக் கெடுப்பது தொழிற்குறை. ஒரு குறை எவ்வகையைச் சேர்ந்தது என்பதை, அது எவ்வளவு பெரிது என்று பார்த்துத் தீர்மானிக்காமல், துவக்கின் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். பிடங்கில், அதாவது தோளில் வைக்கும் மரப்பகுதியில், சாண் நீளத்துக்கு ஓடும் கீறல் எந்தத் தீங்கும் செய்யாது. தோட்டா அமரும் அறைக்குள் மயிரிழை அளவுக்கு நிற்கும் பிசிறோ வெடித்த தோட்டாவின் கோதை வெளியே வரவிடாது.

எந்தத் துவக்கு, யாருக்கு

இலங்கையின் வன்னியில் குடிமகன் ஒருவர் சட்டப்படி வைத்திருக்கக்கூடிய துவக்கு பெரும்பாலும் பயிர்ப் பாதுகாப்புக்கு வழங்கப்படும் 12 போர் சன்னத் துவக்கே. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற குளங்களின் கீழுள்ள வயல்களிலும், காட்டோரமாகக் கச்சான், உழுந்து, மரவள்ளி பயிரிடப்படும் மேட்டு நிலங்களிலும் இரவில் இறங்கும் காட்டுப்பன்றியே அதன் தேவைக்கு முதற் காரணம். 'போர்' என்பது குழலின் உள்விட்டத்தைக் குறிக்கும் பழைய அளவுமுறை: ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால் அவற்றுள் ஒன்று எந்தக் குழலுக்குள் பொருந்துமோ அது 12 போர் குழல், அதன் உள்விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர். சன்னம் என்பது தோட்டாவுக்குள் நிரப்பப்படும் சிறு ஈயக் குண்டுகள். கோது என்பது அவற்றையும் மருந்தையும் அடக்கியிருக்கும் உறை.

துவக்கு வைத்திருப்பதை 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுபடைக்கலக் கட்டளைச் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. அனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது. அதில் எழுதப்படும் தொடரிலக்கமும் துவக்கில் பொறிக்கப்பட்ட தொடரிலக்கமும் ஒன்றாயிருக்க வேண்டும். கைத்துப்பாக்கி இந்த வட்டத்துக்குள் வருவதில்லை. தற்காப்புக்கென வழங்கப்பட்ட சுடுகலன்களைக்கூட 2024ஆம் ஆண்டின் இறுதியில் பாதுகாப்பு அமைச்சு மீளாய்வுக்காக ஒப்படைக்கச் சொன்னது என்பதால், பயிர் காப்பவர் கைத்துப்பாக்கியைப் பற்றி எண்ண வேண்டியதில்லை. ஆயினும் மலிவு விலைக் கைத்துப்பாக்கியை மதிப்பிடும் முறைக்கும் சன்னத் துவக்கை மதிப்பிடும் முறைக்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை.

கட்டுத்துவக்கும், அனுமதியின்றிச் செய்யப்படும் இடியன் துவக்கும் இங்கு ஆராயப்படவில்லை. மிருகம் வரும் தடத்தில் கயிறு இழுபட்டதும் தானே வெடிக்கும்படி வைக்கப்படுவது கட்டுத்துவக்கு. வாய்வழியே மருந்தும் சன்னமும் இட்டு இடித்து நிரப்பப்படுவது இடியன். அவற்றில் நல்லது கெட்டது என்று பிரித்துப் பார்க்க எதுவுமில்லை. அதுபோலவே, 2009இல் முடிந்த போரின் எச்சமாகக் காணியிலோ பற்றையிலோ அகப்படும் எந்த ஆயுதத்தையும் ரவையையும் தொடாமல் பொலிசுக்கு அறிவிப்பதே செய்யத்தக்கது.

விலை எங்கே குறைக்கப்படுகிறது

ஒரு துவக்கின் விலையில் பெரும்பங்கு மனிதக் கைவேலைக்குரியது. குழலின் வெளிப்புறத்தைப் பளிங்குபோல் தேய்ப்பது, இரும்பும் மரமும் சேரும் இடத்தில் தாள்கூட நுழையாதபடி செதுக்குவது, வரியோட்டம் அழகான மரத்தைத் தேர்ந்தெடுப்பது ஆகியவை நேரம் தின்னும் வேலைகள். மலிவுத் துவக்கில் இவை முதலில் குறைக்கப்படுகின்றன. குறைக்கப்பட்டாலும் துவக்கு வெடிக்கும். கவலைக்குரியது வேறொரு குறைப்பு. எரிமூட்டியை, அதாவது தோட்டாவின் அடிநடுவிலுள்ள சிறு கிண்ணத்தை, குத்தித் தீமூட்டும் அடியூசியும், அதற்கு விசை தரும் சுருள்வில்லும் சரியான பதத்துக்குச் சூடேற்றிக் குளிர்விக்கப்படாவிட்டால், ஊசி முனை மழுங்கும் அல்லது முறியும், வில் தளரும். இந்தக் குறைப்பு வெளியே தெரியாது என்பதே இதிலுள்ள சிக்கல்.

இதற்கு வரலாறு தரும் தெளிவான சான்று, இரண்டாம் உலகப் போரின்போது 1941இல் பிரித்தானியாவில் வடிவமைக்கப்பட்ட ஸ்டென் துப்பாக்கி. குழாயும் தகடும் ஒட்டிச் செய்யப்பட்ட அதன் தோற்றத்தைப் படைவீரரே கேலி செய்தனர். ஒட்டுத் தழும்புகள் மறைக்கப்படாமலே வெளியே நின்றன. ஆனால் அது அடிக்கடி இறுகி நின்றதற்கு அந்தத் தழும்புகளுள் ஒன்றும் காரணமாகவில்லை. இரு வரிசையாக அடுக்கப்பட்ட ரவைகளை ஒற்றை வரிசையாக்கி மேலே தள்ளும் ரவைக்கூட்டின் வாய்த்தகடு சிறிது வளைந்தாலும் ரவை சரியாக ஏறவில்லை. தொல்லையின் பெரும்பகுதி அங்கேயே இருந்தது. கீழே விழுந்தால் தானே வெடிக்கும் இயல்பும் அதற்கு இருந்தது. அதுவும் வெளித்தோற்றத்தில் தெரிந்த குறையன்று.

இதற்கு மறுதலையான பாடமும் உண்டு. இந்தியாவில் கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை 2014இல் பெண்களுக்கென்று வெளியிட்ட 'நிர்பீக்' என்ற .32 சுழல் துப்பாக்கி, ஏறத்தாழ அரைக் கிலோ எடையுடன், டைட்டேனியக் கலப்புலோகத்தில் செய்யப்பட்டு, நகைப்பெட்டி போன்ற பெட்டியில் வைத்து, ஓர் இலட்சத்து இருபதாயிரம் இந்திய ரூபாவுக்கும் கூடுதலான விலையில் விற்கப்பட்டது. பெட்டியும் பளபளப்பும் விலையும் வாங்குபவருக்குக் கருவியின் இயக்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாதவை. விலை உயர்ந்ததானாலும் மலிவானதானாலும் சோதனை ஒன்றே.

பொருட்படுத்த வேண்டாத குறைகள்

பின்வருவன மேனிக்குறைகள், விலையைப் பேசிக் குறைப்பதற்கு அவற்றைக் காட்டலாமேயன்றி, கருவியை ஒதுக்குவதற்கு அவை காரணமாகா.

குழலின் வெளிப்புறத்தில் வட்டவட்டமாகத் தெரியும் கடைசல் தடம், குழலைக் கடைந்தபின் தேய்ப்பு வேலை சுருக்கப்பட்டதைக் காட்டுகிறது. குழலின் வலிமையை அது குறைப்பதில்லை. நீலக்கருமை ஓரிடத்தில் கடுமையாகவும் ஓரிடத்தில் வெளிறியும் இருப்பதும் அத்தகையதே. நீலக்கருமை என்பது இரும்பின் மேற்பரப்பை இரசாயனக் கரைசலில் கறுப்பாக்கிக் கறளுக்கு ஓரளவு தடையாக்கும் முறை. அடியூட்டும், அதாவது குழலின் பின்வாயை அடைத்துப் பூட்டும் இரும்புப் பகுதியும், குழலும் வேறுவேறு இரும்பாயிருந்தால் ஒரே கரைசலிலும் வேறுவேறு நிறம் ஏறும். பிடங்கின் மரம் வெளிறியிருப்பது, மரத்துக்கும் இரும்புக்கும் இடையில் நகக்கண் அளவு இடைவெளி இருப்பது, பிடங்கின் அடித்தகடு மரத்தைவிடச் சற்று வெளியே நீண்டிருப்பது ஆகியவையும் கண்ணை மட்டுமே உறுத்துவன. பிளாஸ்ரிக் பிடங்கில் அச்சின் இரு பாதிகளும் சேர்ந்த இடத்தில் நிற்கும் கோட்டை அரத்தாளால் நீக்கிவிடலாம்.

சிறிதாகத் தோன்றினும் விடக்கூடாதவை

மேனிக்குறைபோல் தோன்றி ஏமாற்றுவன ஐந்து.

முதலாவது, குழலில் விழுந்த பள்ளம். கீறல் மேற்பரப்பில் நின்றுவிடும். பள்ளமோ குழலின் சுவரை உள்ளே தள்ளியிருக்கும். சன்னத் துவக்கின் குழல் வாய்ப்பக்கம் மிக மெல்லியது; ஆகவே வெளியே நெல்லளவாகத் தெரியும் பள்ளம் உள்ளே மேடாக நிற்கும். குழலைக் கழற்றி, வெளிச்சமான யன்னலை நோக்கிப் பிடித்து உள்ளே பார்த்தால், நல்ல குழலில் ஒளிவளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக ஒழுங்காகத் தெரியும். மேடோ வீக்கமோ உள்ள இடத்தில் வளையம் நெளியும் அல்லது கரிய நிழல் விழும்.

இரண்டாவது, பிடங்கின் கழுத்தில் ஓடும் வெடிப்பு. கை பிடிக்கும் அந்த ஒடுங்கிய இடத்திலேயே பின்னுதைப்பு முழுதும் வந்து சேர்கிறது. அங்கே மரவரி நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால், வெடிப்பு இன்னும் தோன்றாவிட்டாலும், அந்தப் பிடங்கு நெடுங்காலம் நிலைக்காது.

மூன்றாவது, திருகாணிகளின் தலை சிதைந்திருப்பது. அது தன்னளவில் மேனிக்குறைதான். ஆனால் புதியதென்று விற்கப்படும் துவக்கின் பூட்டைப் பொருந்தாத திருகியால் யாரோ முன்பே திறந்திருக்கிறார் என்பதை அது காட்டிக்கொடுக்கிறது. ஏன் திறக்கப்பட்டது என்பதற்குத் தெளிவான விடை கிடைக்கும்வரை பணம் கொடுக்கக் கூடாது.

நான்காவது, தொடரிலக்கம் மங்கலாகவோ அரைகுறையாகவோ பொறிக்கப்பட்டிருப்பது. இயக்கத்துக்கு அது இடையூறன்று; சட்டத்துக்கு இடையூறு. 3ஆ 8ஆ என்று ஐயம் தரும் ஓர் எண், அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப்படும் நாளிலும் வீதிச் சோதனையிலும் உரிமையாளரைக் கேள்விக்குள்ளாக்கும். அந்த இடத்தைத் தேய்த்துத் துலக்க முயன்றால், இலக்கத்தை அழிக்க முற்பட்டதாகவே அது கருதப்படலாம்.

ஐந்தாவது, சோதனை முத்திரை இல்லாமை. சோதனை முத்திரை என்பது, வழமையான தோட்டாவைவிடக் கூடிய அழுத்தம் தரும் தோட்டாவை வெடித்துப் பார்த்து, குழல் தாங்கியது என்று உறுதிசெய்தபின் இடப்படும் குறி. இலண்டனில் 17ஆம் நூற்றாண்டு முதலும், பர்மிங்காமில் 1813 முதலும் இதற்கென நிலையங்கள் இயங்குகின்றன. பல நாடுகளின் சோதனைகளை ஒருமைப்படுத்தும் உடன்பாடு 1914இல் தொடங்கியது. குழலின் அடியில் இந்தக் குறியும், '12/70' போன்ற அளவும் இருக்க வேண்டும்.

அந்த அளவின் பொருளை அறியாமல் தோட்டா வாங்கக் கூடாது. 70 என்பது தோட்டா அறையின் நீளம் மில்லிமீற்றரில். தோட்டாவின் உறையில் எழுதப்பட்டிருக்கும் நீளமோ, வெடித்து வாய் விரிந்தபின் கோது அடையும் நீளம். வெடிக்காத 70 மில்லிமீற்றர் தோட்டா, வாய் மடிந்திருப்பதால், 65 மில்லிமீற்றர் அறைக்குள்ளும் இலகுவாகச் சென்று அமரும். வெடிக்கும்போது வாய் விரிவதற்கு இடமின்றி அழுத்தம் மிகும். ஆகவே தோட்டா உள்ளே போகிறது என்பது பொருந்துகிறது என்பதற்குச் சான்றாகாது.

கறள்: மேனிக்குறை தொழிற்குறையாகும் வழி

வடகீழ்ப் பருவமழையும் காலபோகமும் ஒன்றாக வருவதால், வன்னியில் துவக்கு மிகுதியாக வெளியே எடுக்கப்படும் மாதங்களே ஈரமும் மிகுந்த மாதங்களாக அமைகின்றன. முல்லைத்தீவின் கரையோரத்தில் இதனுடன் கடற்காற்றின் உப்பும் சேர்கிறது. நீலக்கருமை மெலிந்த இடம், வறண்ட ஊரில் வெறும் நிறக்குறையாகவே நின்றுவிடும். இங்கே சில இரவுகளின் பனியிலேயே செம்மண் நிறத்தில் கறள் கட்டும். வெளியே கட்டும் கறளை எண்ணெய்த் துணியால் துடைத்துவிடலாம். தோட்டா அறைக்குள்ளோ, அடியூசி ஓடும் துளைக்குள்ளோ, குழலும் அடியூட்டும் மடங்கிச் சேரும் பிணைச்சலிலோ கட்டும் கறள், கோதை இறுகப் பிடிக்கும், ஊசியின் வேகத்தைக் குறைக்கும், பூட்டு முழுதாகச் சாத்தப்படுவதைத் தடுக்கும்.

எனவே மேற்பூச்சு மெலிந்த துவக்கை வாங்கியவர், வாங்கிய நாளிலேயே அந்த இடங்களைக் குறித்துவைத்து, ஒவ்வொரு காவல் இரவுக்குப் பின்னும் துடைத்து மெல்லிய எண்ணெய் பூச வேண்டும். தையல் இயந்திர எண்ணெய் இதற்குப் போதும். தேங்காயெண்ணெய் நாளடைவில் பிசினாகி ஊசியைப் பிடித்துக்கொள்ளும். எனாமல் பெயின்ற் பூசி மறைப்பது தீமையே செய்யும்: பெயின்றுக்கு அடியில் ஈரம் தங்கும், இடுக்குகளில் வழிந்த பெயின்ற் உறுப்புகளை ஒட்டும். துணி உறையிலோ தோல் உறையிலோ மாதக்கணக்காக வைத்திருப்பதும் ஈரத்தைச் சேர்த்து வைப்பதற்கு ஒப்பாகும்.

குழலுக்குள் ஈரத்தைவிட விரைவாகக் குடியேறுவது குளவி. காவல் கொட்டிலின் மூலையிலோ வீட்டுச் சுவரிலோ வாய் மேல்நோக்கச் சாத்தப்பட்ட துவக்கின் குழலுக்குள் குளவி மண்ணால் கூடு கட்டும். வரம்பில் சறுக்கி விழும்போது வாயில் அப்பும் சேறும் அதே தீங்கைச் செய்யும். அடைபட்ட குழல் வெடிக்கும்போது கிழியும். தோட்டா ஏற்றுவதற்குமுன் ஒவ்வொரு முறையும் குழலின் ஊடாகப் பார்ப்பது, எத்துணை புதிய துவக்குக்கும் எத்துணை விலையுயர்ந்த துவக்குக்கும் பொதுவான விதி.

வாங்கும் இடத்தில் செய்யவேண்டிய சோதனை

சோதனை தொடங்குமுன் துவக்கை மடித்துத் திறந்து அறை வெறுமையாக உள்ளதென்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிப்படுத்தி, வாயை ஆளில்லாத திசைக்குத் திருப்பி வைத்திருக்க வேண்டும். விற்பவர் வெறுமையானது என்று சொல்வது போதாது.

1. முன்கைமரத்தை, அதாவது குழலின் கீழ் முன்கையால் பிடிக்கும் மரப்பகுதியை, கழற்றிவிட்டு, பூட்டிய நிலையில் பிடங்கை ஒரு கையாலும் குழலை மறு கையாலும் பிடித்து மெல்ல ஆட்டிப் பார்க்க வேண்டும். புதிய துவக்கில் பிணைச்சல் அசையக் கூடாது. கைக்குத் தெரியும் ஆட்டம் ஒன்றே அதைத் திருப்பிக் கொடுப்பதற்குப் போதிய காரணம்.

2. பூட்டிய துவக்கை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, குழலின் பின்புறத்துக்கும் அடியூட்டின் முகத்துக்கும் இடையே ஒளிக்கோடு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அகலமாகவோ, ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைந்தோ தெரியும் ஒளி, பூட்டு சரியாகப் பொருந்தவில்லை என்பதைக் காட்டும்.

3. ரோச் வெளிச்சத்தில் தோட்டா அறையின் உட்சுவரை நோக்க வேண்டும். அது கண்ணாடிபோல் மினுங்க வேண்டியதில்லை. ஆனால் வளையமான கீறலும் பிசிறும் இருக்கக் கூடாது.

4. போலித் தோட்டா, அதாவது மருந்தில்லாமல் சோதனைக்கென்றே செய்யப்பட்டது, இருந்தால் அதை இட்டு விசையை இழுத்துப் பார்க்க வேண்டும். காப்புப் பூட்டு போடப்பட்டிருக்கையில் விசை இயங்கக் கூடாது. குதிரை, அதாவது ஊசியை அடிக்கும் உறுப்பு, வெளியே தெரியும் துவக்காயின், முழுதாக இழுத்து நிறுத்திய குதிரையைப் பெருவிரலால் முன்னே தள்ளினால் அது நழுவக் கூடாது. துவக்கைத் திறக்கும்போது போலித் தோட்டாவை, கோதை வெளியேற்றும் உறுப்பாகிய இழுப்பி வெளியே தூக்க வேண்டும்.

5. தொடரிலக்கத்தைப் பத்திரத்துடனும் பற்றுச்சீட்டுடனும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, கண்ட குறைகள் அனைத்தையும் பற்றுச்சீட்டின் பின்புறத்தில் எழுதி விற்பவரின் கையொப்பத்தைப் பெற வேண்டும். மேனிக்குறையும் அங்கே எழுதப்பட வேண்டும். பிற்பாடு பெருகும் குறையின் தொடக்கத்தை அந்தக் குறிப்பே காட்டும்.

முதல் தோட்டாக்கள்

தோட்டா வாங்குவதும் அனுமதிக்கு உட்பட்டதாகையால், சோதனைக்கென அதிகம் செலவிட இயலாது. ஆகவே வெடிக்கும் ஒவ்வொரு தோட்டாவிலிருந்தும் முழுப் பயனைப் பெற வேண்டும். பாதுகாப்பானதும் அனுமதிக்கப்பட்டதுமான இடத்தில் ஐந்து தோட்டாக்களை வெடித்து, அவற்றின் கோதுகளை வரிசையாக வைத்து நோக்கினால், துவக்கு தன் நிலையைத் தானே எழுதிக் காட்டியிருக்கும். எரிமூட்டியின் நடுவில் வட்டமான, ஆழமான, ஐந்திலும் ஒரேமாதிரியான பள்ளம் இருந்தால் ஊசியும் வில்லும் நல்லவை. பள்ளம் ஆழமின்றி இருந்தால் வில் மெலிந்தது அல்லது ஊசி தடைபடுகிறது. ஓரமாக விழுந்தால் குழலும் அடியூட்டும் நேராக இல்லை. எரிமூட்டி துளைபட்டிருந்தால் ஊசி முனை கூராகவோ மிக நீண்டோ உள்ளது. கோதின் உடலில் நீளவாக்கில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கீறல் விழுந்தால், அறைக்குள் பிசிறு இருக்கிறது.

விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால், வாயை அதே பாதுகாப்பான திசையில் வைத்தபடி குறைந்தது அரை நிமிடம் காத்திருந்து பின்னரே திறக்க வேண்டும். எரிமூட்டி தாமதித்தும் தீப்பற்றக்கூடும். வெடியோசை வழமைக்கு மாறாக மெலிந்து கேட்டால், அடுத்த தோட்டாவை ஏற்றாமல், துவக்கை வெறுமையாக்கிக் குழலின் ஊடாகப் பார்க்க வேண்டும். சன்னமோ அடைப்போ உள்ளே சிக்கியிருக்கலாம். ஒருமுறை வெடிக்காமற் போனதற்குத் தோட்டா காரணமாகலாம். வேறு பெட்டித் தோட்டாவிலும் அதுவே நிகழ்ந்தால் காரணம் துவக்கே. ஊசியையோ வில்லையோ வீட்டில் அரத்தால் திருத்த முயலாமல், அனுமதி பெற்ற திருத்துநரிடம் கொடுக்க வேண்டும். திருத்திய துவக்கும் புதிய துவக்கைப் போலவே முதற் சோதனையிலிருந்து தொடங்கிப் பார்க்கப்பட வேண்டும்.

நன்றாக இயங்கும் துவக்கும் எல்லா மிருகத்துக்கும் விடையன்று. யானையைச் சுடுவது 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம். சன்னம் பட்ட யானை புண்ணோடு அலைந்து அடுத்த வயற்காரரை மிதிக்கக்கூடும். யானையை விலக்க யானைவெடியும், மின்வேலியும், வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிப்பதுமே வழி.

இவ்வளவையும் தொகுத்தால் தீர்ப்பு சுருக்கமானது. நிறம் மங்கிய, அரத்தடம் தெரியும், மரம் வெளிறிய மலிவுத் துவக்கு மேற்கண்ட சோதனைகளில் தேறினால், அதைத் துடைத்து எண்ணெயிட்டுக் காலபோகம் முழுவதும் காவலுக்குக் கொண்டுபோகலாம். பிணைச்சல் ஆடும், காப்புப் பூட்டு வழுவும், குழல் பள்ளம் விழுந்த துவக்கு எத்துணை மினுங்கினாலும், இலவசமாகக் கிடைத்தாலும், அதைக் கொல்லைக்கு எடுத்துச் செல்லக் கூடாது.